ஒட்டகத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கறக்கலாம்? கால்நடை மருத்துவர் பதில்கள்

டாக்டர், சவூதியில் ஒரு மஸ்ராவில் (பண்ணையில்) ஒட்டகம் பார்க்கும் வேலை. காலையும் சாயங்காலமும் கறக்கிறோம். மூன்று வேளையாக்கினால் பால் கூடுமா என்று முதலாளி கேட்கிறார்.

கூடும், தீவனமும் தண்ணீரும் தாராளமாக இருந்தால். பசுவில் இரண்டு வேளையை மூன்றாக்கினால் 10 முதல் 15 சதவீதம் கூடும் என்பது பழைய கணக்கு. அதை ஒட்டகத்துக்கு அப்படியே போடாதீர்கள், மடியின் அமைப்பே வேறு. பசுவுக்குக் காம்புக்கு மேலே பால் தேங்கும் அறை உண்டு. கறக்க உட்காருவதற்கு முன்பே ஐந்தில் ஒரு பங்கு பால் அங்கே இறங்கி நிற்கும். ஆட்டில் பாதிக்கும் மேல். ஒட்டகத்துக்கு அந்த அறை மிகச் சிறியது. டுனீசியாவில் அளந்து பார்த்தபோது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தேறியது. மற்றதெல்லாம் சுரந்த இடத்திலேயே, மேலே நுண்ணிய பைகளில் தங்கிவிடுகிறது. பை நிரம்பினால் அழுத்தம் ஏறும், சுரப்பு தானாகவே மட்டுப்படும். இடைவெளி நீள நீள, மணிக்கு ஊறுகிற பால் குறைந்துகொண்டே வரும்.

அதனால் எண்ணிக்கையோடு நேரத்தையும் பாருங்கள். காலை 6, மதியம் 12, சாயங்காலம் 5 என்று கறந்தால், இரவு முழுக்க 13 மணி நேரம் மடி கனத்துக் கிடக்கும். அது பேருக்குத்தான் மூன்று வேளை. காலை 5, மதியம் 1, இரவு 9 என்று வைத்தால் பலன் தெரியும். இரவு 9 மணிக்குக் கறக்க ஆள் தருவாரா என்று முதலாளியிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்காவில் நான்கைந்து தடவைகூடக் கறப்பார்களாமே?

சோமாலியா, வட கென்யா, எத்தியோப்பியா மேய்ப்பர்கள் மழைக்காலத்தில் அப்படிக் கறப்பது உண்டு. விற்பனைக் கணக்கு அவர்களுக்கு அப்புறம்தான். பாலே சாப்பாடு என்பதால் பசிக்கிற நேரத்தில் கறக்கிறார்கள். கோடையில் மந்தை மேய்ச்சலுக்குத் தூரம் போய்விட்டால் ஒன்றிரண்டு தடவையோடு சரி.

கன்று செத்துப்போச்சு சார். மடி நிறைய பால் இருக்கு, ஆனா எக்கிக்கிட்டு விட மாட்டேங்குது. பாலை இறக்குற ஆக்சிடோசின் ஊசி போடலாமா?

வேண்டாம். வேளைக்கு வேளை ஊசி போட்டுப் பழக்கினால் அப்புறம் ஊசி இல்லாமல் இறங்காது. பால் சுரப்பதற்காக ஊசி போடுவது இந்தியாவில் சட்டப்படியும் தப்பு.

பால் இறங்குவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். கன்று வந்து முட்டும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஒன்றும் நடக்காது. திடீரென்று நான்கு காம்பும் புடைத்துப் பளபளப்பாகும். ஒட்டகக் காம்பில் பெரும்பாலும் இரண்டு துளைகள், அதனால் ஒரே காம்பிலிருந்து இரண்டு தாரையாகப் பீய்ச்சும். இதெல்லாம் ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்தைக் கோட்டைவிட்டால் பால் மேலேயே தங்கிவிடும். ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேர் நின்றபடி, ஒரு காலைத் தூக்கித் தொடையில் பாத்திரத்தைத் தாங்கிக்கொண்டு அவசரமாகக் கறப்பது இதற்காகத்தான். பாதி கறவை நான்கு தடவை கறப்பதைவிட முழுக் கறவை இரண்டு தடவை கறப்பது எவ்வளவோ மேல்.

நம் ஊரில் மாட்டுக்கு வைக்கோல் கன்று காட்டுவோமே, அதேபோல ஒட்டக மேய்ப்பர்கள் செத்த கன்றின் தோலைத் தாய்க்கு மோப்பம் காட்டுவார்கள். தோலை எடுத்து வைத்திருந்தால் முயன்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆள், ஒரே இடம், கறக்கும்போது ஒரு கை தீவனம் என்று மாற்றாமல் பழக்குங்கள். சில ஒட்டகம் படியும், சிலது கடைசிவரை படியாது. துபாயில் இயந்திரக் கறவை செய்யும் பெரிய பண்ணையிலேயே கன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கறக்கிறார்கள்.

கன்றைப் பிரித்துவிட்டு மூன்று வேளை கறந்தால் நிறைய கிடைக்காதா?

இதில்தான் பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். தாயோடு திரியும் கன்று பகல் முழுக்கப் பல தடவை ஊட்டும். ஒவ்வொரு ஊட்டும் ஒரு கறவைதான். கன்றைப் பிரித்து மூன்று வேளை கறந்தால் வாளியில் பால் கூடும், மடி காலியாகும் தடவையோ குறைந்துவிடும். சில வாரத்தில் மொத்தச் சுரப்பே இறங்கும். ராஜஸ்தானிலும் வேறு பல இடங்களிலும் இரண்டு காம்பு கன்றுக்கு, இரண்டு காம்பு ஆளுக்கு என்று விடுகிறார்கள். மேய்ச்சலுக்கு அனுப்பும்போது காம்பைக் கட்டியோ மடிக்குத் துணி போட்டோ தங்கள் பங்கைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. சினைக்காலமே 13 மாதம். கன்றைப் பட்டினி போட்டுக் கொன்றால் அடுத்த கன்றுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

அகமதாபாத்தில் ஒட்டகப் பால் வாங்குகிறேன். காலைப் பால் தண்ணியாக இருக்கிறது. கலப்படமா?

உடனே சண்டைக்குப் போகாதீர்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு கறக்கும் பாலில் அளவு கூடும், கொழுப்பு குறையும். கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம், முழுக்கக் கறக்காவிட்டால் அது மடியிலேயே நின்றுவிடும். தண்ணீர் கிடைக்காமல் காய்ந்த ஒட்டகத்தின் பாலும் நீர்த்துத்தான் இருக்கும். இந்தியாவில் ஒட்டகப் பாலுக்கு 3 சதவீதம் கொழுப்பு வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு 2 ஆகக் குறைத்தார்கள். இரண்டு வேளைப் பாலையும் கலந்து கொடுக்கச் சொல்லி ஒரு வாரம் பாருங்கள்.

அடிக்கடி கறந்தால் மடிநோய் வருமா?

கையும் காம்பும் சுத்தமாக இருந்தால் வராது. பாலை மிச்சம் விடுவதுதான் ஆபத்து. மடியில் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சினைபிடித்த பிறகு பால் வேகமாகக் குறைகிறது. வேளையைக் கூட்டினால் நிற்குமா?

நிற்காது. சினையானால் பால் வற்றுவது ஒட்டகத்தின் இயல்பு. இருக்கிற வேளையையும் மெல்லக் குறைத்து, வற்ற விடுங்கள்.