குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவரே சாப்பாடும் போட வேண்டுமா?

அக்கம்பக்கத்துக் குழந்தைகள் மூன்று பேரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறேன், சாப்பாட்டை அம்மாக்களே கொடுத்தனுப்பட்டுமா, நான் ஆக்கிப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டை நீங்களே ஆக்கிப் போடுங்கள் என்பதுதான் என் பதில். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் வேறு முறை. அதைப் பிறகு சொல்கிறேன்.

திருப்பூரில் ஒன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். என்னிடம் விடுகிற அம்மாக்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்குப் போனால், ஒன்றரை ஷிப்ட் இருக்கிற நாளில் இரவு எட்டரைக்குத்தான் வருவார்கள். முதல் இரண்டு வருடம் நானும் டப்பாச் சோறுதான் வாங்கி வைத்தேன். சாப்பாட்டுப் பொறுப்பு பெற்றவர்களிடமே இருக்கட்டும் என்ற எண்ணம்.

அம்மா விடிகாலை ஐந்தரைக்கு ஆக்கிய சோறு, ஆறுவதற்குள் டப்பாவில் மூடப்பட்டு எட்டு மணிக்கு என் வீட்டுக்கு வரும். குழந்தை அதைச் சாப்பிடப் பன்னிரண்டரை ஆகிவிடும். கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், அதுவும் சித்திரை வெயிலில். ஒரு ஏப்ரல் மாதம், இரண்டரை வயதுப் பையனுக்கு அவன் டப்பாவில் வந்த தயிர்சோற்றை ஊட்டினேன். கொஞ்சம் புளித்த வாசம் வந்தது. தயிர்தானே என்று விட்டுவிட்டேன். மூன்று மணிக்குள் நான்கு முறை வாந்தி எடுத்துத் துவண்டு போனான். அவன் அம்மாவைக் கம்பெனியிலிருந்து வரச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துத் தேற்றினார்கள். ஆக்கிய சோறு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் ஒருவகைக் கிருமி பெருகி நஞ்சு விடும், திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது என்று மருத்துவர் விளக்கினார். சுட வைத்துக் கொடுத்தால் எதுவும் சரியாகிவிடும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு விஷயமும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. டப்பாக்களைத் திறந்து வைத்தால் ஒருத்திக்கு முட்டைப் பொரியல் இருக்கும், பக்கத்தில் இருக்கிறவனுக்கு வெறும் ரசச்சோறு. மூன்று வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று நினைக்காதீர்கள். எதுவும் கேட்காது, பார்த்துக்கொண்டே இருக்கும். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த வருடம் நான் ஒன்றாம் வகுப்பு. யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் எல்லோரும் ஒரே சோற்றைச் சாப்பிட்ட அந்த வரிசை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. என் வீட்டுக் கூடத்திலும் அப்படி இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆக்கத் தொடங்கிய பிறகு நடந்ததுதான் எனக்கே ஆச்சரியம். டப்பாவில் வந்தால் நாலு வாய் தின்றுவிட்டு எழுந்து ஓடுகிற பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்று கீரையைத் தொடவே மாட்டாள். நான் வற்புறுத்தவில்லை. மற்ற மூன்று பேரும் பிசைந்து தின்பதைப் பத்து நாள் பார்த்தாள். பதினோராம் நாள் தட்டை நீட்டினாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆவது பிரிவு, முப்பது பேருக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. அந்தக் குழந்தைகளுக்கு இலவசமாகப் பாலோ சிற்றுண்டியோ கொடுக்கும்படி மாநில அரசு விதி போடலாம் என்றும் அதிலேயே இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்றால் அதன் பசியையும் சேர்த்துத்தான் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். அது ஆலைகளுக்கான சட்டம், நம்மைப் போல வீட்டில் பார்ப்பவர்களுக்கு எழுதியதல்ல. ஆனாலும் அந்த நினைப்பு சரியானது.

பணத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். கூச்சப்பட்டால் பிறகு மனத்தாங்கல்தான் வரும். நான் பார்த்துக்கொள்ளும் கூலி தனி, சாப்பாட்டுக் காசு தனி என்று சொல்லி, சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கியதும் ஒரு குழந்தைக்கு வாரம் 200 ரூபாய் வாங்குகிறேன். மதியச் சோறும் சாயங்காலம் சுண்டலோ வாழைப்பழமோ ராகிக் கூழோ அதில் அடங்கும். வராத நாளுக்குக் கழித்துவிடுவேன். “நீங்க ஆக்குறதையே குடுத்துருங்கக்கா, எனக்கும் காலைல அரை மணி நேரம் மிச்சம்” என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள்.

ஒரு அம்மா மட்டும், நீங்கள் என்ன ஆட்கள் என்று சாதியைக் கேட்டார். என் கையால் சாப்பிட வேண்டாம் என்று நினைக்கிறவர் குழந்தையை என்னிடம் விட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. முட்டை வேண்டாம், கறி வேண்டாம் என்றால் அது வேறு; அதை மதிக்க வேண்டும்.

எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, எதைத் தின்றால் தடிப்பு வரும், மூச்சு வாங்கும் என்று சேரும்போதே கேட்டு, சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். முழு நிலக்கடலையும் முழுத் திராட்சையும் சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடலையைப் பொடித்துக் கொடுங்கள், திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள். சாப்பிடும்போது பக்கத்தை விட்டு எழுந்து போகாதீர்கள், போன் அடித்தாலும்.

சரி, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை. ஆறு மாதம் வரை பால் மட்டும்தான். தாய்ப்பால் பிழிந்து கொடுத்தனுப்பினால் அதையே கொடுங்கள். அதற்கு மேல், அம்மா வீட்டில் கொடுத்துப் பழகிய உணவைத்தான் நீங்களும் கொடுக்க வேண்டும். புதிதாக எதையும் நாம் தொடங்கி வைக்கக் கூடாது. அங்கன்வாடியில் தருகிற சத்துமாவைக் கொடுத்துவிட்டால் நான் இங்கே அப்போதைக்கப்போது காய்ச்சிக் கொடுக்கிறேன். தேன் மட்டும் யார் கொண்டுவந்தாலும் ஒரு வயதுக்கு முன் நாக்கில் தடவாதீர்கள்.

அப்புறம், ஒரு நோட்டுப் போடுங்கள். யார் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று நான் தினமும் எழுதுகிறேன். இரவு எட்டரைக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர்கள் கேட்பது, “சாப்பிட்டானாக்கா?” என்றுதான். முதல் வாரம் அரிசி பருப்பு சாதத்தில் தொடங்குங்கள். சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் போதும், மிளகாய் வேண்டாம். நன்றாகக் குழைய விட்டு, இறக்கும்போது ஒரு கரண்டி நெய் விடுங்கள்.