பெருவியன் தூண் கள்ளி: பெயருக்கு முன்னால் ஊர்

கேள்வி: ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா போட்டிருக்கிறேன். மூன்று வருடமாக ஓரத்தில் கள்ளி வகைகளும் வளர்த்து விற்கிறேன். போன வருடம் ‘தென் அமெரிக்க ஆண்டீஸ் மலைக் கள்ளி, தூண் மாதிரி நிற்கும்’ என்று ஒரு வியாபாரி சொல்ல, நாற்பது செடி வாங்கினேன். எல்லாவற்றிலும் ‘பெருவியன்’ என்று ஒரே சீட்டு. ஆனால் செடிகள் ஒன்றைப் போல ஒன்று இல்லை. சில நீலம், சில பச்சை. நாலைந்து செடி பஞ்சு சுற்றியது போல வெள்ளையாக இருக்கின்றன. சான் பெட்ரோ என்கிறார்களே, அது எது? வரும் ஜூலையில் என் தங்கை குடும்பம் பெருவுக்குச் சுற்றுலா போகிறது. லிமா, குஸ்கோ இரண்டும் பார்க்கிறார்கள். அங்கிருந்து நாலு போத்து வெட்டிவரச் சொல்லலாமா ஐயா?

பதில்: பயணம் நெருங்குவதால் போத்து விஷயத்தை முதலில் சொல்கிறேன். வேண்டாம். ஒரு துண்டுகூட வேண்டாம். ஒரு சில பேரினங்கள் நீங்கலாகக் கள்ளிக் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. உயிருள்ள செடியோ துண்டோ எல்லை தாண்ட, அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். நம் பக்கத்தில் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாடு தரும் தாவர நலச் சான்றிதழும் தேவை. துணிக்கு நடுவில் சுருட்டி வைத்த துண்டுக்கு இவற்றில் எதுவும் இருக்காது. சட்டத்தை விடுங்கள், வேர் மாவுப்பூச்சி ஒன்று ஒட்டி வந்தால் உங்கள் குடில் முழுக்கப் பரவும்.

எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இவற்றில் சில செடிகள் வளரும் வேகம் நம் கண்ணுக்குத் தெரியாது. அர்ஜென்டினாவின் வடமேற்கிலும் பொலிவியாவிலும் நிற்கும் கார்தோன் என்ற தூண் கள்ளி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் உயரும். அதன் நாற்று வெட்டவெளியில் பிழைப்பது அரிது. ஏதாவது ஒரு புதரின் நிழலில் ஒண்டி நின்றுதான் முதல் ஆண்டுகளைக் கடக்கும். பெரிய மரம் இல்லாத அந்த உயரத்தில், செத்த கார்தோனின் ஓட்டை ஓட்டையான கட்டையில் கதவும் கூரையும் செய்தார்கள். அதைக் காக்கவே அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்தில் 1996-இல் லோஸ் கார்தோனேஸ் தேசியப் பூங்கா அமைத்தார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் கத்தி வைக்க வேண்டாம்.

உங்கள் தங்கை கொண்டுவர வேண்டியது வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் நாற்பது செடி.

கள்ளிதானா என்று பார்த்துவிடுங்கள். எனக்கு வரும் ‘பெருவியன்’ படங்களில் சில, நம் ஊர்ச் சதுரக்கள்ளியின் உறவினர்கள். ஓரத்தில் ஊசியால் லேசாகக் குத்தினால் வெள்ளைப் பால் வடியும். ஆண்டீஸ் தூண் கள்ளி எதிலும் அப்படிப் பால் வராது. (அந்தப் பால் கண்ணில் படக் கூடாது. கையைக் கழுவிவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.) கள்ளிக் குடும்பத்துக்கென்றே ஓர் அடையாளம் உண்டு: முள் நேராகத் தோலிலிருந்து முளைக்காது. பஞ்சு வைத்தது போன்ற ஒரு சின்னத் திட்டிலிருந்துதான் கிளம்பும். கரும்புக்குப் பரு மாதிரி, இதற்கு அந்தத் திட்டு. முள், கிளை, பூ மூன்றும் அங்கிருந்தே வரும். இதைக் கண் என்று வைத்துக்கொள்வோம். தண்டில் மேலிருந்து கீழாக ஓடும் மேடுகளை வரப்பு என்போம்.

அடுத்தது அந்தச் சீட்டு. ‘பெருவியானஸ்’ என்ற பெயரோடு உலகமெல்லாம் விற்கும் நீலப்பச்சைத் தூண் கள்ளி பெருவின் செடியே அல்ல. பல நூல்கள் அதைச் செரியஸ் ரெபாண்டஸ் என்கின்றன. தென் அமெரிக்காவின் வடகோடியும் கரீபியத் தீவுகளும்தான் அதன் மண். பெயர் எப்போதோ தவறி ஒட்டிக்கொண்டது, இன்னும் விடவில்லை. உங்கள் நாற்பதில் நீலமானவை பெரும்பாலும் செரியஸாகத்தான் இருக்கும். வரப்பு மெல்லியதாக, கத்தி விளிம்பு போல எழுந்து நிற்கும். நடுவில் பள்ளம் ஆழமாக இருக்கும். பூ வந்துவிட்டால் சந்தேகமே இல்லை: பூவைத் தாங்கும் குழாய் வழவழப்பாக, ஒரு மயிர்கூட இல்லாமல் இருக்கும். ஆண்டீஸின் டிரைகோசீரியஸ் வகைகளில் அதே குழாயில் செதில் செதிலாகக் கருத்த மயிர் அடர்ந்திருக்கும். ‘டிரைகோ’ என்றாலே மயிர்தான்.

சான் பெட்ரோ அந்த டிரைகோசீரியஸ் கூட்டத்தில் ஒன்று, டிரைகோசீரியஸ் பச்சனோய். பிரிட்டன், ரோஸ் என்ற இரண்டு அமெரிக்கத் தாவரவியலாளர்கள் 1920-இல் இதை விவரித்தார்கள். எக்குவடோரில் ரோஸுக்கு உதவிய அபெலார்தோ பச்சனோவின் பெயரை வைத்தார்கள். வரப்பு பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு, அகலமாக உருண்டு இருக்கும். முள் குட்டை, 2 செ.மீ.க்குள், பல கண்களில் முள்ளே இருக்காது. ஒரு கைலென்ஸ் எடுத்துக்கொண்டு நுனிக்கு அருகே பாருங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே, நகத்தால் அழுத்தியது போல வளைந்த ஒரு கோடு தோலில் பதிந்திருக்கும். மொட்டு விட்ட செடியில் மாலையில் போய் நின்றால், இருட்டும்போது ஒரு சாண் நீள வெள்ளைப் பூ விரியும். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும்.

அதே 1920-இல் அவர்கள் விவரித்த இன்னொன்று டிரைகோசீரியஸ் பெருவியானஸ், ‘பெருவியன் டார்ச்’. லிமாவிலிருந்து ரிமாக் ஆற்றோடு மலையேறும் பாதையில் மதுக்கானா என்ற ஊர் இருக்கிறது, அங்கே எடுத்தது. அதில் கண்ணுக்குப் பத்து முள் வரை, பழுப்பு நிறம், நீளமானவை 4 செ.மீ. எட்டும். பொலிவியாவின் டிரைகோசீரியஸ் பிரிட்ஜஸியில் கண்ணுக்கு இரண்டு முதல் ஆறு முள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று நீளம் சேராது. சில 10 செ.மீ. போகும், தேன் மஞ்சள். குஸ்கோவின் குஸ்கோயென்சிஸில் முள் அடியில் தடித்து, கல் மாதிரி கெட்டியாக இருக்கும்.

இப்படி எழுதிவிட்டால் எளிதாகத் தெரிகிறது. தோட்டத்தில் அப்படி இல்லை. எக்குவடோரிலிருந்து மதுக்கானா வரை இடைப்பட்ட மலைகளில், பாதி சான் பெட்ரோ பாதி டார்ச் என்று சொல்லத்தக்க செடிகள் ஏராளம். மக்கள் பல நூற்றாண்டுகளாகப் போத்து நட்டு வீட்டோரமும் வேலியோரமும் வளர்த்ததால், எது காட்டுச் செடி, எது நட்டது என்பதும் கலந்துவிட்டது. இளம் செடியின் முள் ஒரு மாதிரி, முதிர்ந்த செடியின் முள் வேறு மாதிரி. நிழல்வலைக்குள் வளர்ந்தால் தண்டு மெலிந்து முள் குறைந்து, டார்ச்சே சான் பெட்ரோ போல நிற்கும். போதாக்குறைக்குப் பெயரும் மாறியது. 1974-இல் டிரைகோசீரியஸை எக்கினாப்சிஸ் என்ற இன்னொரு கள்ளிப் பேரினத்தோடு சேர்த்தார்கள். 2012-இல் வந்த மரபணு ஆய்வு அந்தப் பெரிய எக்கினாப்சிஸ் ஒரே வம்சம் அல்ல என்று காட்டிய பிறகு, பலர் பழைய பெயருக்கே திரும்பினார்கள். ஆகவே ஒரே செடி இரண்டு பெயரில் வந்தால் இரண்டு செடி என்று எண்ணி இரட்டை விலை கொடுக்காதீர்கள்.

இதனால்தான் நான் எல்லோரிடமும் ஒன்றையே வற்புறுத்துகிறேன்: பெயருக்கு முன்னால் ஊரைக் கேளுங்கள். எந்தப் பள்ளத்தாக்கு, எந்த ஊர், எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும் செடிக்குப் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பூத்த பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஊர் தொலைந்த செடிக்கு அது திரும்பக் கிடைக்காது. முறையான சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு விதைத் தொகுதிக்கும் தங்கள் பெயரெழுத்தோடு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு எதிரே இடத்தையும் உயரத்தையும் நாளையும் பதிவு செய்வார்கள். பிரீட்ரிக் ரிட்டர் என்ற ஜெர்மானியர் தென் அமெரிக்காவில் சேகரித்தவை இன்றும் எஃப்.ஆர். எண்களாலேயே அறியப்படுகின்றன. விதை வாங்கும்போது அந்த மாதிரி எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். ஆறு ஊர்களின் விதை வாங்கிக் குழித்தட்டில் முளைக்க வைத்து, பிளாஸ்டிக் குச்சியில் மார்க்கரால் எழுதிச் செருகினேன். இரண்டு கோடையில் எழுத்து வெளுத்துப் போனது. அறுபதுக்கு மேல் நாற்றுகள், எது எந்த ஊர் என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. இப்போது அவை என் வேலியோரம் ஆளுயரத்துக்கு மேல் நின்று அழகாகப் பூக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு விதையைக்கூட நம்பி ஒருவருக்குக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதுகிறேன். ஒன்று தொட்டியில் புதைக்க, ஒன்று வெளியே கட்ட. நோட்டிலும் தனியாக ஒரு பதிவு.

உங்கள் பஞ்சுச் செடிகளுக்கு வருகிறேன். ‘கிழவன் கள்ளி’ என்று மூன்று நான்கு வகை விற்கிறார்கள், ஒன்று மெக்சிகோவினுடையது, ஆண்டீஸுக்குச் சம்பந்தமில்லை. உங்களுடையதில் பஞ்சைத் துளைத்துக்கொண்டு தடித்த மஞ்சள் அல்லது செம்பழுப்பு முள் வெளியே நீண்டிருந்தால் அது ஓரியோசீரியஸ். பஞ்சு மட்டும் மேலே தெரிந்து முள் உள்ளே ஒளிந்திருந்தால் எஸ்போஸ்டோவா. எஸ்போஸ்டோவா முதிர்ந்ததும் தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஜடை தொங்கவிட்டது போல அடர்ந்த பஞ்சுப் பட்டை உருவாகும். பூ அதிலிருந்துதான் இரவில் வரும், வௌவாலுக்காக. ஓரியோசீரியஸ் பகலில் சிவப்புக் குழல் பூ விடும், தேன்சிட்டு போலச் சிறிய ஓசனிச்சிட்டுக்காக. தண்டு இரண்டு விரல் பருமனில், இருபத்தைந்து வரப்பு வரை நெருக்கமாக, வெள்ளி மயிர் போர்த்தியிருந்தால் பொலிவியாவின் கிளைஸ்டோகாக்டஸ் ஸ்ட்ராசி.

இவற்றில் எதை வளர்க்கலாம் என்பதற்கும் ஊர்தான் விடை. ஓரியோசீரியஸ் டிரோலியை, 3,000 மீட்டருக்கு மேல் இரவில் நடுங்கும் குளிரிலிருந்து எடுக்கிறார்கள். கள்ளிகள் இரவில்தான் தோலின் துளைகளைத் திறந்து காற்றை உள்ளிழுக்கும். இரவிலும் சூடு இறங்காத சமவெளியில் அது மூச்சுத் திணறி நின்றுவிடும், மேலே தண்ணீரும் பட்டால் அடி அழுகும். உங்கள் ஓசூர்க் குளிர் அதற்குக் கொஞ்சம் துணை, ஆனாலும் மழை படாத கூரைக்கடியில் வையுங்கள். வட பெருவின் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் வளரும் எஸ்போஸ்டோவா லனாட்டா உங்களுக்கு ஒத்துவரும். சான் பெட்ரோவும் பிடிவாதம் இல்லாத செடி. எல்லாவற்றுக்கும் செம்மண் ஒரு பங்கு, சின்னச் சல்லி இரண்டு பங்கு, நன்றாக மக்கிய எரு அரைப் பங்கு போதும். தொட்டி முழுவதும் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர்.

விதை எடுக்க நினைத்தால் ஒன்று கவனம்: டிரைகோசீரியஸ் வகைகள் பல, தன் மகரந்தத்தில் காய் பிடிக்காது. ஒரே தாயிலிருந்து வெட்டிய பத்துப் போத்தும் ஒரே செடிக்குச் சமம். பக்கத்தில் வேறு இனம் பூத்திருந்தால் கலப்புதான் கிடைக்கும். தூரிகையால் நீங்களே ஒரே ஊர்ச் செடிகளுக்குள் மகரந்தம் மாற்றி, அந்தப் பூவை வலைத்துணியால் மூடுங்கள். விதையை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவி, ஈரம் போகாமல் கண்ணாடிப் பலகையால் மூடினால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். நாற்றழுகல் வராமல் இருக்க மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள்.

சான் பெட்ரோ, டார்ச், பிரிட்ஜஸி மூன்றிலும் மெஸ்கலின் என்ற, மாயக் காட்சிகளைத் தோற்றுவிக்கும் பொருள் இருக்கிறது. பெருவின் சாவின் டி வாந்தார் கோயில் சிற்பத்திலேயே தூண் கள்ளியைக் கையில் பிடித்த உருவம் இருக்கிறது. வட பெருவின் வைத்தியர்கள் இன்றும் சடங்கில் பயன்படுத்துகிறார்கள். அது அவர்களுடைய மரபு. நம் நாட்டில் மெஸ்கலின் தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் உள்ளது. துண்டு போட்டுக் காய்ச்சிக் குடிக்கக் கேட்டு யாராவது வந்தால், செடியே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இனி உங்கள் தங்கை. ஜூலை அங்கே வறண்ட குளிர்காலம். பூ அதிகம் கிடைக்காது. ஆனால் செடி நிற்கும். லிமாவிலிருந்து மதுக்கானா நோக்கி ஒரு பகல் பயணம் போனால், மேலே ஏற ஏறக் கள்ளி மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். குஸ்கோவில் பிசாக் பக்கம் இன்கா காலத்துச் சுவர்களை ஒட்டியே தூண் கள்ளி நிற்கும். ஒவ்வொரு செடிக்கும் ஐந்து படம் எடுக்கச் சொல்லுங்கள்: முழுச் செடியும் பக்கத்தில் ஓர் ஆளும், அடித்தண்டு, வரப்பை எண்ண நுனியை மேலிருந்து, பக்கத்தில் நாணயம் வைத்து ஒரு கண்ணை மிக அருகில், காய்ந்த பூவோ காயோ இருந்தால் அது. கைபேசியில் இடம் பதிவாகும் வசதியைத் திறந்து வைத்து, உயரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொடாமல் எடுக்கலாம்.

நீங்களும் இந்த வாரமே உங்கள் நாற்பதுக்கும் 1 முதல் 40 வரை எண் போடுங்கள். ‘பெருவியன்’ சீட்டைத் தூக்கி எறியாதீர்கள், வாங்கிய நாளையும் வியாபாரி சொன்னதையும் அதன் பின்பக்கம் எழுதி வையுங்கள். முடிந்தால் விதை எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். பிறகு அதே ஐந்து படங்களை எண் வாரியாக அனுப்புங்கள். பால் வடிபவையும் நீலமானவையும் இப்போதே பிரிந்துவிடும். மீதி உள்ளவற்றுக்கு முதல் பூ வரும் வரை பெயர் எழுதாமல் எண்ணோடு மட்டும் வையுங்கள்.