கைப்பேசியும் மாதக் கட்டணமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நல்ல போன் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: என்ன தேவைக்கு, எவ்வளவு செலவில், எத்தனை ஆண்டுகளுக்கு என்ற மூன்றில் ஒன்றைக்கூடக் குறிப்பிடாத கடிதத்துக்கு எந்தப் பெயரை எழுதினாலும் அது குருட்டாம்போக்கில் சொன்னதாகவே இருக்கும்.

கேள்வி: 200 மெகாபிக்சல் கேமரா, 50 மெகாபிக்சலைவிட நான்கு மடங்கு தெளிவாக இருக்குமா?

பதில்: இருக்காது. முன்னது பதினாறு பிக்சல்களையும் (படத்தின் புள்ளிகளையும்) பின்னது நான்கு பிக்சல்களையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டுமே வழக்கமாகச் சுமார் 12 மெகாபிக்சல் படத்தையே சேமிக்கின்றன. ஒளியைப் பதியும் சில்லான சென்சாரின் பரப்பையும், கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி உண்டா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் மாதம் 50 கட்டினால் போன் இலவசம் என்கிறார்கள். தனியாக வாங்கினால் போன் 600, அதே அளவு டேட்டா தரும் சிம் திட்டம் மாதம் 15. எதை எடுக்கலாம்?

பதில்: வேண்டிய எண்கள் அனைத்தையும் நீங்களே எழுதிவிட்டு, கூட்டிப் பார்க்க மட்டும் மறந்திருக்கிறீர்கள். ஒப்பந்தத்தின் மொத்தத் தொகை 1,200. தனித்தனியாக வாங்கினால் 600-உம் 360-உம் சேர்ந்து 960. ஆக, இலவசம் எனப்பட்ட போனுக்கு அதன் விலைக்கு மேல் 240 கொடுக்கிறீர்கள். தவணைக்கு வட்டி வாங்குவதை நான் குறை கூறவில்லை. அந்த வட்டியை மாதக் கட்டணத்துக்குள் புதைத்து, அதைக் கேட்காதவரிடம் சொல்லாமல் விடுவதைத்தான் பல முறை கண்டித்திருக்கிறேன். இதைவிட மோசமானது இருபத்தைந்தாம் மாதத்தில் நடப்பது: போனுக்கான பணம் முழுவதும் அடைந்த பிறகும், வாடிக்கையாளர் வாய் திறக்காதவரை அதே 50-ஐ வசூலித்துக்கொண்டிருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. ஆகவே ஒப்பந்தம் முடியும் தேதியைக் கையெழுத்திடும் அன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் விலகினால் அபராதம் எவ்வளவு, ஆண்டுதோறும் கட்டணம் உயருமா, போன் அந்த நிறுவனத்தின் சிம்முக்கு மட்டுமே பூட்டப்பட்டிருக்கிறதா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். கையில் மொத்தப் பணம் இல்லாதவருக்கு ஒப்பந்தம் ஒரு வழிதான், ஆனால் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்த பிறகே.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த உயர்தர மாடல் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்று முதலில் பாருங்கள். அந்தக் கணக்கு நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல, மாடல் வெளியான நாளிலிருந்தே ஓடும். 2023-இல் வந்த கூகுளின் பிக்சல் 8 போனுக்கும் 2024-இல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 போனுக்கும் ஏழு ஆண்டுகள் அறிவிக்கப்பட்டிருப்பதால் அத்தகையவற்றைத் துணிந்து வாங்கலாம். பயன்படுத்தப்பட்ட போன் என்றால் பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துக் கூட்டுங்கள்; சில நூறு முறை முழுமையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி முதல் நாள் போல உழைக்காது.

கேள்வி: அன்லிமிடெட் திட்டம் எடுத்தும் மாதக் கடைசியில் படம்கூடத் திறக்கவில்லை. போன் பழுதா?

பதில்: போனைக் குறை சொல்லாதீர்கள், திட்டத்தின் விதிமுறைகளைப் படியுங்கள். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைக்கும் விதி அங்கே இருக்கும். அப்படிக் குறைத்த வேகம் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) என்றால், 5 எம்பி புகைப்படம் ஒன்று இறங்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். கடந்த சில மாதங்களில் எவ்வளவு டேட்டா செலவாயிற்று என்பதைப் போனின் அமைப்புகளில் பார்த்து, அதற்குச் சற்று மேலான திட்டத்தை எடுங்கள். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: வேறு நாட்டில் வாங்கிய 5ஜி போன் இங்கு 4ஜி மட்டுமே காட்டுகிறது. ஏன்?

பதில்: உங்கள் நிறுவனம் பயன்படுத்தும் 5ஜி அலைவரிசை அந்தப் போனில் இல்லாதிருக்கலாம், அல்லது அந்தப் போனுக்கு அந்நிறுவனம் இன்னும் அனுமதி தராதிருக்கலாம். அலைவரிசைப் பட்டியலை வாங்குவதற்கு முன் ஒப்பிட்டிருக்க வேண்டும்.

கேள்வி: 28 நாள் திட்டமும் மாதத் திட்டமும் ஒன்றுதானே?

பதில்: அல்ல. 28 நாள் திட்டத்துக்கு ஆண்டுக்கு 13 முறை கட்ட வேண்டியிருக்கும். பன்னிரண்டால் பெருக்கிவிட்டு மலிவு என்று எழுதாதீர்கள்.