வேகம் குறைந்ததா, வளர்ந்ததா? – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

ராக் இசையின் அதிவேகமான, கனத்த வகையான டெத் மெட்டலை வாசிக்கும் போலந்தின் டிகாபிடேட்டட் குழுவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர்களுடைய முதல் ஆல்பத்தையும் நான்காவது ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டேன். முதல் ஆல்பத்தில் பதினைந்து வயதுப் பையன் அப்படி டிரம்ஸ் வாசித்திருக்கிறான் என்றால், எல்லாம் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது என்றுதானே பொருள்? பிறகு வந்த சுற்றுப்பயணங்களும் ஒலிப்பதிவுகளும் புகழைச் சேர்த்திருக்கலாம். இசையில் அவை எதைச் சேர்த்தன? முதல் ஆல்பத்தின் வேகம்கூடப் பின்னர் குறைந்துவிட்டதே. இதை எப்படி வளர்ச்சி என்கிறீர்கள்?

ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கேட்டுவிட்டு எழுதுகிற வாசகர் அரிது என்பதால் உங்கள் கடிதம் எனக்கு மகிழ்ச்சி அளித்தது. ஆனால் நீங்கள் இழப்பாகக் காண்பதையே அந்தக் குழுவின் பெரிய சாதனையாக நான் காண்கிறேன். அதை விளக்க முயல்கிறேன்.

போலந்தின் தென்கிழக்கில், கார்ப்பாத்திய மலையடிவாரத்தில் உள்ள க்ரோஸ்னோ என்ற சிறு நகரத்தில் 1996இல் இந்தக் குழு தொடங்கியது. கிதார் வாசித்த வோக் என்கிற வாட்ஸ்வாவ் கியெவ்திகாவும் டிரம்ஸ் வாசித்த அவருடைய தம்பி விட்டெக்கும் அப்போது பள்ளிச் சிறுவர்கள். இரண்டு டெமோக்களுக்கு (மாதிரி ஒலிப்பதிவுகளுக்கு)ப் பிறகு, 2000இல் வெளிவந்த ‘விண்ட்ஸ் ஆஃப் கிரியேஷன்’ ஆல்பத்தைத் தயாரித்தவர், போலந்தின் மூத்த டெத் மெட்டல் குழுவான வேடரின் பியோட்டர் விவ்சாரெக். வேடர் தன் முதல் ஆல்பத்துக்காக ஸ்டாக்ஹோமில் பதிவுசெய்ததை மனநிறைவின்றிக் கைவிட்டு, இங்கிலாந்தில் மீண்டும் முழுவதையும் பதிவுசெய்த குழு. ஒலிப்பதிவில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொந்த அனுபவத்தில் அறிந்த மூத்தவர் ஒருவர் இந்தச் சிறுவர்களுக்கு வாய்த்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அந்த ஆல்பத்தின் திறமையைக் கண்டு நீங்கள் வியந்தது நியாயமே. ஆனாலும் மறுபடி கேட்டுப் பாருங்கள். தெரிந்த அனைத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்ற பதின்வயதின் அவசரம் அதில் இருக்கிறது. ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிதார் வரி, மனத்தில் பதிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அறைக்குள் பயிற்சி செய்பவர்களுக்கு இது குறையாகவே தெரியாது. மேடைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். சிறிய அரங்குகளில், தாழ்வாகச் சுருதி கூட்டிய கிதாரும் இரட்டை பேஸ் டிரம்மும் சுவர்களில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று கலந்துவிடும்போது, நுணுக்கமான வேகப் பகுதிகள் வெறும் இரைச்சலாகி, நிறுத்தி வாசிக்கும் ரிஃப்கள் மட்டுமே தெளிவாகக் கேட்கின்றன. எந்த இடத்தில் கூட்டத்தின் தலைகள் ஒரே தாளத்தில் அசைகின்றன, எந்த இடத்தில் திகைத்து நிற்கின்றன என்பதை இரவுக்கு இரவு கண்ணால் பார்க்கிற இளைஞர்கள், அடுத்த பாடலை அதை மறந்துவிட்டு எழுத முடியாது.

2002இல் வந்த ‘நிஹிலிட்டி’ ஆல்பத்தின் ‘ஸ்பியர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ பாடலில் இதன் விளைவைக் கேட்கலாம் என்பது என் கணிப்பு. அதன் தொடக்க ரிஃப் மிதவேகத்தில் நகர்கிறது. ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை. இன்றும் அந்தக் குழுவிடம் ரசிகர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பாடல் அது. அதை எழுதியபோது வோக் இருபது வயதை ஒட்டிய இளைஞர். அதற்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அவருடைய பாடல்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பிறவித் திறமை என்ற ஒன்றைக் கொண்டு என்னால் விளக்க முடியவில்லை.

ஒலிப்பதிவுக்கூடம் கற்பிப்பது வேறு வகையான பாடம். இந்த இசையில் வழக்கமாக டிரம்ஸை முதலில் பதிவுசெய்து, ஒரே கிதார் பகுதியை இருமுறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைக்கிறார்கள். இரண்டும் மயிரிழை விலகினாலும் காதுக்குத் தெரிந்துவிடும். கச்சேரியின் உற்சாகத்தில் மறைந்துபோகும் பிழை அங்கே மறையாது. வோக்கின் வலது கையும் விட்டெக்கின் கால்களும் ஒரே ஒலியாக இறுகியதற்கு, இந்தக் கண்டிப்பான கேட்டலை ஆல்பத்துக்கு ஆல்பம் அவர்கள் எதிர்கொண்டது முக்கியக் காரணம் என்று நம்புகிறேன். 2004இல் ‘தி நெகேஷன்’ வந்தது. 2006இல், பியாவிஸ்டோக் நகரின் ஹெர்ட்ஸ் ஸ்டுடியோவில் பதிவான ‘ஆர்கானிக் ஹலுசினோசிஸ்’ புதிய பாடகர் கோவனுடன் வந்தது. அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் ஏழே பாடல்கள். வேகம் அதில் குறையவில்லை, நண்பரே. வேகமான பகுதிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இடைவெளிகள் பிறந்திருக்கின்றன. ‘டே 69’ பாடலில் கிதாரும் டிரம்ஸும் சேர்ந்து நிறுத்தி, சேர்ந்து தொடங்கும் இடங்களைக் கவனியுங்கள்: ஒரு நொடி தாமதித்தால் பாடலே சரிந்துவிடும். அவ்வளவு துணிச்சலாக மௌனத்தைப் பயன்படுத்த முதல் ஆல்பத்தின் சிறுவர்களால் முடிந்திராது.

சாலை கொடுத்ததைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு, அது பறித்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2007 அக்டோபர் இறுதியில், சுற்றுப்பயணத்தின்போது, பெலாரூஸின் கோமெல் நகருக்கு அருகில் அவர்களுடைய வாகனம் மரம் ஏற்றிவந்த லாரியுடன் மோதியது. சில நாட்களில், நவம்பர் 2ஆம் தேதி, விட்டெக் இறந்தார். தலையில் கடுமையாகக் காயமுற்ற கோவனால் குழுவின் பாடகராகத் திரும்ப முடியவில்லை. இருபதுகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்ட அந்த டிரம்மரின் நான்கு ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்கும்போது, அவர் இன்னும் எங்கே சென்றிருப்பார் என்ற எண்ணத்திலிருந்து என்னால் விடுபட முடிவதில்லை. 2009இல் வோக் புதியவர்களைச் சேர்த்துக் குழுவை மீட்டெடுத்தார். 2011இல் ‘கார்னிவல் இஸ் ஃபாரெவர்’ வந்தது. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

முதலாவதையும் நான்காவதையும் கேட்டுவிட்டீர்கள். இடையில் உள்ள இரண்டு ஆல்பங்களையும், முடிந்தால் நல்ல ஹெட்போனில், வெளிவந்த வரிசைப்படி கேளுங்கள். ‘நிஹிலிட்டி’யைக் கேட்ட பிறகும் உங்கள் கருத்து மாறவில்லை என்றால் மீண்டும் எழுதுங்கள், பாடல் பாடலாக எடுத்துப் பேசுவோம்.

அன்புடன்.