கெயின்ஸ்பரோ வீட்டில் குடிவைப்பதற்கு முன்
வணக்கம். லிங்கன்ஷயரின் கெயின்ஸ்பரோவில் நீங்கள் வாங்கிய பழைய வரிசை வீட்டின் எரிசக்திச் சான்றிதழ் ('ஏ' மிகச் சிறந்தது, 'ஜி' மிக மோசமானது) 'எஃப்' தரத்தில் இருப்பதாகவும், மாதம் 600 பவுண்டு வாடகைக்கு வரவிருக்கும் குடும்பம் இரண்டு மாத முன்பணம் தர முன்வந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டிலும் சிக்கல் இருக்கிறது.

முறையான விலக்கு பதிவு செய்யாமல் 'இ' தரத்துக்குக் கீழுள்ள வீட்டை இங்கிலாந்தில் வாடகைக்கு விட முடியாது. விக்டோரியா காலச் செங்கல் சுவர்களில் பெரும்பாலும் இடைவெளி இருக்காது என்பதால், சுவருக்குள் வெப்பக் காப்புப்பொருள் நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தரத்தை உயர்த்த, முதலில் பரண்மேல் ஏறி, அங்குள்ள கம்பளிக் காப்பு 270 மில்லிமீட்டர் தடிமன் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். செலவு குறைவு, பலன் அதிகம் என்பது என் கருத்து.

முன்பணத்தைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வார வாடகைதான் உச்சவரம்பு. உங்கள் கணக்கில் அது சுமார் 692 பவுண்டு. அவர்களே மனமுவந்து கொடுத்தாலும் 1,200 பவுண்டு வாங்கக் கூடாது. வாங்கும் தொகையை 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமொன்றில் பதிவு செய்து, அதன் விவரங்களை அதே கெடுவுக்குள் குடியிருப்பவரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தவறினால் அத்தொகையைப் போல மூன்று மடங்கு வரை நீதிமன்றம் அபராதம் விதிக்கலாம்.