கொடியேற்றத்துக்கு அப்புறமும் செய்தி உண்டு

வணக்கம் ஐயா,

நாகப்பட்டினத்தில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து மாதம் இருமுறை வரும் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று தொடங்கப்போகிறோம். எட்டுப் பக்கம். முதல் கூட்டத்திலேயே மதச் செய்திகளை வைத்துச் சண்டை வந்துவிட்டது. "சிக்கல் முருகன் கோயில், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா கோயில் மூன்றுக்கும் சமமாக இடம் ஒதுக்கிவிட்டால் வம்பு வராது" என்கிறார் ஒருவர். "மதமே வேண்டாம், தண்ணீர், சாலை, மீன்பிடி போதும்" என்கிறார் இன்னொருவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாமவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 29 கொடியேறியதிலிருந்து செப்டம்பர் 8 வரை, காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறவர்களை விட்டுவிட்டு உங்கள் ஊர்ச் சாலையைப் பற்றி என்ன எழுதுவார்? தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி நாட்களில் நாகூரின் தண்ணீரும் குப்பையும் விடுதி வாடகையும் யாருடைய செய்தி? உங்கள் பக்கத்தில் மதத்தை எடுத்துவிட்டால் வியாபாரச் செய்தியிலும் பாதி போய்விடும்.

சம இடம் கேட்கிறவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். ஆனால் எந்த மூன்று? தர்காவுக்குப் போகிறவரும், தர்கா வழிபாடே கூடாது என்கிற தவ்ஹீத்காரரும் ஒரே கட்டத்துக்குள் உட்கார மாட்டார்கள். வேளாங்கண்ணிப் பேராலயத்தைப் பற்றி எழுதிவிட்டால், தெருக்கோடியில் ஓட்டுக் கட்டடத்தில் ஜெபிக்கிற பெந்தெகொஸ்தே சபைக்கும் சேர்த்து எழுதியதாக ஆகிவிடுமா? சிக்கல் சிங்காரவேலர் ஒருவரே மீனவர் குப்பத்து மாரியம்மனுக்கும் பிரதிநிதியா? ராஜராஜன் காலத்தில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைப் பெற்ற சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி இருந்த ஊர் உங்களுடையது. அதில் மிஞ்சியிருந்த கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். இடம் கேட்டு வர ஆளில்லாத மதத்துக்கு எத்தனை அங்குலம் ஒதுக்குவீர்கள்? அங்குலக் கணக்கைத் தொடங்கிவிட்டால், ஸ்கேலோடு அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே பத்திரிகை நின்றுபோகும்.

என் குறை வேறு. நம் உள்ளூர்ப் பக்கங்களில் மதம் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று, கொடியேற்றம், தேர், சந்தனக்கூடு, "திரளான பக்தர்கள் கலந்துகொண்டனர்". இன்னொன்று, உண்டியல் உடைப்பு. நடுவில் வருடம் முழுக்க அந்த இடங்களில் நடப்பது எதுவும் செய்தியாவதில்லை. கடை ஏலம், நிலக் குத்தகை, நிர்வாகத்தில் யார் இருப்பது என்ற இழுபறி, அர்ச்சகருக்கும் மோதினாருக்கும் உபதேசியாருக்கும் என்ன சம்பளம், பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா. நகராட்சியை எப்படிப் பார்ப்பீர்களோ அதே கண்ணோடு இவற்றையும் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இதில் ஒரு சிக்கல் உண்டு (ஊரைச் சொல்லவில்லை). பெரிய கோயில்கள் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறநிலையத்துறையிடம் இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டுக் கணக்குக் கேட்கலாம். வக்ஃபு (இஸ்லாமிய அறக்கொடை) சொத்தென்றால் அதை நிர்வகிக்கிற முத்தவல்லி ஆண்டுக் கணக்கை வக்ஃபு வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும், அங்கே போய்க் கேட்கலாம். கத்தோலிக்க ஆலயங்களை நடத்துகிற மறைமாவட்டத்தின் கணக்கைக் கேட்க அப்படி ஒரு அரசு அலுவலகம் கிடையாது. விளைவு, கோயில் முறைகேடு மட்டும் திரும்பத் திரும்ப அச்சில் வருகிறது. "எங்கள் கோயில்தான் கண்ணுக்குத் தெரியுமா?" என்று வாசகர் கேட்டால் அதை வெறுப்புப் பேச்சு என்று தள்ளாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. மூன்று இடத்துக்கும் ஒரே கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, யார் முடிவு செய்கிறார்கள். பதில் தராதவர் தரவில்லை என்று அச்சிடுங்கள். நான் கேட்கிற சமம் இவ்வளவுதான்.

அற்புதங்கள் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். சஷ்டியில் வேல் வாங்கும்போது சிங்காரவேலர் திருமுகத்தில் வியர்வை அரும்பும் என்பது பக்தர்கள் நம்பிக்கை. நாகூர் ஆண்டவர் தஞ்சை நாயக்க மன்னரின் நோயைத் தீர்த்தார் என்பதும், வேளாங்கண்ணியில் மோர் விற்ற சிறுவனுக்குக் கால் வந்தது என்பதும் அப்படியே. மூன்றையும் நம்புகிறவர்களின் வாயால் சொல்ல விடுங்கள். நீங்கள் சான்றிதழ் கொடுக்கவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம்.

நல்லிணக்கக் கட்டுரைகளையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நாகூரின் பெரிய மினாராவைக் கட்டியவர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். உண்மைதான், ஆனால் எத்தனை கந்தூரிக்கு அதையே எழுதுவது? அதன் நிழலில் இன்று கடை போட்டிருப்பவர் என்ன வாடகை கொடுக்கிறார் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

சண்டை வந்தால்? இரண்டு பையன்கள் பைக் மோதி அடித்துக்கொண்டால் அவர்கள் மதம் உங்களுக்கு வேண்டாத விவரம். ஊர்வலப் பாதையை வைத்துத் தகராறு என்றால் "இரு பிரிவினர்" என்று மழுப்பாதீர்கள். யார் யார் என்று ஊருக்கே வாட்ஸ்அப்பில் தெரிந்திருக்கும், கூடவே நாலு பொய்யும் சேர்ந்திருக்கும். யார் என்ன கேட்டார்கள், வட்டாட்சியர் கூட்டிய அமைதிப் பேச்சில் என்ன முடிவானது என்று பெயரோடு போடுங்கள். மாதம் இருமுறைப் பத்திரிகைக்கு விசாரிக்க நேரம் இருக்கிறது, தினசரிக்கு அது இல்லை. பிரிவினரிடையே பகை மூட்டுவதையும் மத உணர்வைப் புண்படுத்துவதையும் பற்றிய, பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 196, 299 பிரிவுகளை மட்டும் ஒரு வக்கீலோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

நீங்கள் நான்கு பேரும் எந்தெந்தத் தெரு என்று எழுதவில்லை. ஒரே தெரு என்றால் ஐந்தாவதாக ஒருவரைத் தேடுங்கள். அப்புறம், விளம்பரம். திருவிழா மலர் போடாமல் உங்களால் பத்திரிகை நடத்த முடியாது, போடுங்கள். காசு வாங்கிய பக்கத்தில் 'விளம்பரம்' என்று கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் இருக்கட்டும். தேவஸ்தானத்திலும் தர்கா கடைகளிலும் வேளாங்கண்ணி விடுதிகளிலும் விளம்பரம் கேட்டுப் போகிறவர் யார் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அவர் இந்தச் செய்திகளை எழுத வேண்டாம்.