காத்துக்கு காசு குடுக்கறோமா? மலைப் பசங்களோட கேள்வியும் அக்காவோட பதிலும்

இந்த மாசம் வந்த கேள்வி பூராவும் ஸ்கூல் பசங்களும் அவங்க அம்மாக்களும் அனுப்புனதுதான். காத்து, தண்ணி, நிலம்னு இயற்கை வளப் பாடம் எல்லா ஸ்கூல்லயும் ஒரே நேரத்துல நடக்குது போல. சரி, வாங்க.

அக்கா, காத்துக்கு யாரும் காசு குடுக்கறதில்லையே, அப்புறம் ஏன் அதையும் வளம்னு சொல்றாங்க?
ஆறாம் வகுப்பு மாணவன், குன்னூர்

குடுக்கறோம் கண்ணு, வேற பேர்ல குடுக்கறோம். பக்கத்து தோட்டத்துக்கு யூரியா மூட்டை வந்து இறங்குதுல்ல, அதுல இருக்கற நைட்ரஜன் காத்துல இருந்து எடுத்ததுதான். காத்துல 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், மிச்சம் இருக்கற ஒரு சதவீதத்துக்குள்ளதான் ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு எல்லாம். அவ்ளோ நைட்ரஜன் சுத்தி இருந்தாலும் செடியால அதை நேரா எடுத்துக்க முடியாது, அதனால ஃபேக்டரில பயங்கர சூடும் அழுத்தமும் குடுத்து ஹைட்ரஜனோட சேத்து அமோனியா ஆக்கி அதுல இருந்து யூரியா பண்ணி உங்க அப்பாகிட்ட விக்கறாங்க.

இதே வேலைய பைசா வாங்காம செய்யற ஆளும் இருக்கு. பட்டாணிச் செடி ஒண்ண வேரோட புடுங்கிப் பாரு (தோட்டக்காரர்கிட்ட கேட்டுட்டு), வேர்ல குட்டி குட்டியா முண்டு இருக்கும், நகத்தால கிள்ளுனா உள்ள இளஞ்சிவப்பா இருந்தா அங்க ரைசோபியம்ங்கற பாக்டீரியா நைட்ரஜன் புடிச்சிட்டு இருக்குன்னு அர்த்தம். அப்புறம் அந்த கார்பன் டை ஆக்சைடு, காத்துல 0.04 சதவீதம்தான் இருக்கு, ஆனா தேயிலைச் செடியோட கட்டை, இலை எல்லாத்துலயும் இருக்கற கார்பன் அங்கிருந்து வந்ததுதான். மண்ணுல இருந்து வந்ததுன்னு நிறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க, பெரியவங்களும்தான்.

திருப்பூர்ல இருந்து வந்த சித்தப்பா ஊட்டில ஆக்சிஜன் சதவீதம் கம்மின்னு சொல்றாரு. நெஜமாவா?
ஏழாம் வகுப்பு மாணவி, கேத்தி

சதவீதம் கம்மி இல்ல பாப்பா, அதே 21தான். காத்தே மெல்லிசாயிடுது. ஊட்டி கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர், அங்க காத்தழுத்தம் கடற்கரைல இருக்கறதுல முக்கால் பங்குக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். அதனால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போற ஆக்சிஜன் குறையுது, படி ஏறுனா சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கும். மேட்டுப்பாளையத்துல வாங்குன சிப்ஸ் பாக்கெட் மேல வர்றதுக்குள்ள உப்பி நிக்கறதும் இதனாலதான். தண்ணியும் 92, 93 டிகிரிலயே கொதிச்சிடும், அதான் பருப்பு வேகறதுக்கு நேரமாகுது, குக்கர் இல்லாம உங்க அம்மாவுக்கு ஆகாது.

எங்க ஊர்ல இவ்ளோ மழை பெய்யுது. அப்புறம் ஏன் ஏப்ரல், மே மாசம் குடத்தை தூக்கிட்டு லாரிக்கு நிக்கறோம்?
எட்டாம் வகுப்பு மாணவி, குன்னூர்

இந்த மாசத்துக்கு இதான் கேள்வி. கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படி.

மழை குறைச்சல் இல்ல. கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் ஜூன்ல இருந்து தென்மேற்கு பருவமழை அடிக்கும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர்ல இருந்து வடகிழக்கு. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல பெய்ஞ்சுது, சென்னைக்கு ஒரு வருஷம் பூரா கிடைக்கறதுல பாதிக்கு மேல அது. ஆனா மலைச்சரிவுல விழற தண்ணி நிக்காது, ஓடிடும். பைக்காரா தண்ணி மாயாறு வழியா, குந்தா தண்ணி பவானி வழியா, ரெண்டும் பவானிசாகருக்குத்தான் போகுது, போற வழில கரண்ட் எடுக்கறாங்க, அப்புறம் ஈரோடு பக்கம் வயலுக்கு பாயுது, மிச்சம் பவானி கூடுதுறைல காவிரில சேருது. நம்ம மழைய கீழ இருக்கறவங்க ஏப்ரல்ல குடிக்கறாங்க, நாம குடத்தோட நிக்கறோம்.

அப்போ மழை தண்ணிய மலையிலயே மெதுவா புடிச்சு வெச்சு, கோடைல கொஞ்சம் கொஞ்சமா விடறது யாரு? சோலைக்காடு, அதைச் சுத்தி இருக்கற புல்வெளி, பள்ளத்துல இருக்கற சதுப்பு, இந்த மூணும்தான். சோலைக்குள்ள மண்ணு இலைமக்குல கறுப்பா மெத்துன்னு இருக்கும், தண்ணி கீழ எறங்கும். புல்வெளியும் அதே வேலைய செய்யுது, ஆனா அதைப் பாத்த வெள்ளைக்காரங்களுக்கு மரம் இல்லாத சும்மா கெடக்கற எடமா தெரிஞ்சுது. 1840கள்ல இருந்து சீகை (வாட்டில் மரம், சீகைக்காய் இல்ல), கற்பூர மரம் (யூகலிப்டஸ்)னு கொண்டு வந்து வெக்க ஆரம்பிச்சாங்க, சுதந்திரத்துக்கு அப்புறமும் நிறுத்தல, தோல் பதனிடறதுக்கு சீகைப்பட்டை வேணும், ரேயான் மில்லுக்கு மரக்கூழ் வேணும்னு மலை மலையா நட்டாங்க. மரம் நட்டா நல்லதுதானேன்னு நீ கேப்ப. எந்த எடத்துல எந்த மரம்ங்கறதுதான் விஷயம்.

இதை அளந்தே பாத்திருக்காங்க. ஊட்டில இருக்கற மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்துக்காரங்க கிளன்மார்கன்ல பக்கத்து பக்கத்துல ரெண்டு சின்ன பள்ளத்தாக்கை எடுத்து, ஒண்ண புல்லாவே விட்டுட்டு, இன்னொண்ணுல பாதிக்கு மேல கற்பூர மரம் வெச்சு, 1972ல இருந்து பத்து வருஷம் ஓடை தண்ணிய அளந்தாங்க. மரம் வெச்ச பக்கம் வர்ற தண்ணி 16 சதவீதம் கொறஞ்சு போச்சு. மரத்தை வெட்டி அது மறுபடி துளிர்த்து வந்தப்போ இன்னும் கொறஞ்சுது.

சதுப்பு கதை இன்னும் மோசம். ஊருக்கு நடுவுல பள்ளத்துல இருந்ததை எல்லாம் வாய்க்கால் வெட்டி வடிச்சு கேரட் போட்டாங்க, அப்புறம் மண்ணைக் கொட்டி கட்டடம் கட்டுனாங்க. தோடர் மக்கள் கோயில் கூரைக்குப் போடற புல்லு இந்த சதுப்புலதான் வளரும், அதைத் தேடி இப்ப அவங்க ரொம்ப தூரம் நடக்கறாங்க. குன்னூருக்கு குடிதண்ணி குடுக்கற ரேலியா அணைல தண்ணி எத்தனை அடின்னு பேப்பர்ல பாக்கறோம், அணைக்கு மேல இருக்கற காடும் புல்லும் எப்படி இருக்குன்னு யாராவது கேக்கறோமா?

மேட்டுப்பாளையத்துல இருந்து மாமா வந்தாரு, ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை செக்போஸ்ட்ல வாங்கி வெச்சுக்கிட்டாங்களாம். இது நியாயமா?
ஐந்தாம் வகுப்பு மாணவன், அருவங்காடு

நியாயம்தான். ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர் பாட்டிலுக்கு 2019ல இருந்தே நீலகிரில தடை. காட்டோரம் வீசுன பிளாஸ்டிக்கை மான் திங்குது, ஓடை அடைக்குது. அடுத்த தடவை மாமாவை எவர்சில்வர் பாட்டில் கொண்டு வரச் சொல்லு, தண்ணி ஏடிஎம்ல புடிச்சுக்கலாம்.

பையனுக்கு ‘நிலம்’ தலைப்புல ப்ராஜெக்ட். சார்ட் ஒட்டி ஒட்டி அலுத்துப்போச்சுங்க. வேற ஏதாவது சொல்லுங்க.
ஒரு அம்மா, கோத்தகிரி

சார்ட்டை விடுங்க, மண்ணைத் தொடட்டும். கேரட் தோட்டத்து மண்ணு ஒரு பாட்டில், ஸ்கூல்ல பழைய மரத்தடி மண்ணு ஒரு பாட்டில், ரெண்டுலயும் மூணுல ஒரு பங்கு போட்டு தண்ணி ஊத்தி ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நல்லா குலுக்கி ஒரு நாள் விட்டுடுங்க. மணல் அடில, அதுக்கு மேல வண்டல், அதுக்கும் மேல களிமண்ணு, மக்குன எலை குச்சி மேல மிதக்கும். ரெண்டு பாட்டிலுக்கும் என்ன வித்தியாசம்னு பையனே எழுதட்டும். சோலை மண்ணு வேணும்னு மட்டும் காட்டுக்குள்ள அனுப்பிடாதீங்க, உங்க ஊர்ல காட்டெருமை பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து நிக்குது.

இன்னொண்ணு, ரெண்டு பெரிய பாட்டிலைப் படுக்க வெச்சு மேல்பக்கம் வெட்டி, ஒண்ணுல வெறும் மண்ணு, ஒண்ணுல புல்லோட பேத்து எடுத்த மண்ணு, கொஞ்சம் சாய்ச்சு வெச்சு பூவாளில தண்ணி விடுங்க. வெறும் மண்ணுல இருந்து வர்றது டீ கலர்ல வரும். மழைக்கு நம்ம கேரட், உருளைக்கெழங்கு காட்டுல இருந்து ஓடைக்குப் போறதும் அந்த கலர்தான். ஒரு சென்டிமீட்டர் மண்ணு உருவாக நூத்துக்கணக்கான வருஷம் ஆகும்ங்க. காத்து வீசிடும், மழை அடுத்த வருஷமும் பெய்யும், போன மண்ணு நம்ம பேரன் காலத்துலயும் திரும்பாது, அதனால இந்த மூணுல எதுக்கு மொதல்ல கவலைப்படணும்னு கேட்டா நான் மண்ணைத்தான் சொல்வேன்.

மண்ணுல கண்ணுக்குத் தெரியாததும் இருக்குன்னு ஒரு வரி சேத்துக்கச் சொல்லுங்க. உருளைக்கெழங்கு வேரைத் தாக்கற முட்டைக்கூடு நூற்புழுவ இந்தியாவுல மொதல்ல கண்டுபுடிச்சது ஊட்டிலதான், 1961ல. அதோட கூடு பல வருஷம் மண்ணுலயே கெடக்கும், அதனாலதான் இங்கிருந்து விதைக்கெழங்கு வெளிய போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு.

கொடைக்கானல்ல மூடுன தெர்மாமீட்டர் ஃபேக்டரி பத்தி தாத்தா சொன்னாரு. பாதரசம் மண்ணுலதானே கொட்டுச்சு, காத்துக்கும் தண்ணிக்கும் என்ன?
ஒன்பதாம் வகுப்பு மாணவன், பண்ணைக்காடு

நல்ல கேள்வி தம்பி. அந்த ஃபேக்டரி 2001ல மூடுச்சு, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடை வரைக்கும் போனது வெளிய வந்ததுக்கு அப்புறம். பாதரசம் சாதாரண வெயில்லயே ஆவியாகும், காத்துல போய் மழையோட திரும்ப எறங்கும். மண்ணுல ஒட்டுனது மண்ணோடயே அரிச்சு பாம்பார் சோலைப் பக்கம் ஓடைக்குப் போகும். தண்ணிக்கு அடில சேத்துல சில பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமா மாத்திடும், அது மீனுக்குள்ள சேந்துகிட்டே போகும், சின்ன மீனைத் திங்கற பெரிய மீனுல இன்னும் அதிகமா. உங்க புஸ்தகத்துல காத்து ஒரு பாடம், தண்ணி ஒரு பாடம், நிலம் ஒரு பாடம்னு பிரிச்சிருக்காங்கல்ல, பாதரசத்துக்கு அதெல்லாம் தெரியாது.

ஜனவரில எங்க வீட்டுக்கிட்ட தேயிலை கருகிடுது, மேட்டுல இருக்கற பெரியப்பா தோட்டத்துல ஒண்ணும் ஆகல. ஏன்?
ஏழாம் வகுப்பு மாணவன், ஊட்டி பக்கத்து கிராமம்

உங்க வீடு பள்ளத்துல இருக்குல்ல? மேகம் இல்லாத ராத்திரில நிலத்தோட சூடு மேல போயிடும், தரைய ஒட்டுன காத்து குளிர்ந்து கனமாகி தண்ணி மாதிரியே சரிவுல வழிஞ்சு பள்ளத்துல தேங்கும், அங்க உறைபனி விழும். மேல கொஞ்சம் சூடான காத்து மூடி நிக்கறதால அடுப்புப் புகையும் காலைல மேல போகாம அங்கயே சுத்தும். மேகம் இருந்தா சூடு வெளிய போகாது, பனியும் இருக்காது, அதனால சாயங்காலம் வானம் தெளிவா இருந்தா அன்னைக்கு ராத்திரிதான் உஷார். எளம்செடிய பெரணி எலை வெச்சு மூடலாம், இல்லாட்டி வெயில் ஏர்றதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சு விடச் சொல்லு.